கப்பலேறும் நாள்: துறைமுக வாசலிலிருந்து கேபின் வரை

நேயர்களுக்கு வணக்கம். தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்குக் கடல் தூரம்தான். ஆனாலும் சொகுசுக் கப்பல் பயணம் இப்போது நம் பக்கத்து வீடுகளிலும் பேச்சாகிவிட்டது. 2022 ஜூனில் கார்டிலியா நிறுவனத்தின் எம்ப்ரஸ் கப்பல் சென்னையிலிருந்து ஓடத் தொடங்கியது. வெளிநாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள், சிங்கப்பூரில் கப்பலேற அப்பா அம்மாவுக்கும் டிக்கெட் போட்டுவிடுகிறார்கள். டிக்கெட் போடுவது சுலபம். ஏறுகிற அன்று, பெட்டியைக் கையைவிட்டுக் கொடுத்ததிலிருந்து கப்பல் கிளம்பும் வரை உள்ள நாலைந்து மணி நேரத்தில்தான் பலரும் திணறுகிறார்கள்.

தர்மபுரியிலிருந்து சென்னை ஏறக்குறைய 300 கிலோமீட்டர். கப்பல் சாயங்காலம்தானே, விடிகாலையில் கார் எடுத்தால் போதும் என்று கணக்குப் போடாதீர்கள். கிளம்புவதற்கு ஒரு மணி நேரமோ அதற்கும் மேலோ முன்னதாகவே, பயணிகள் வந்து பெயர் பதியும் மேசையை (செக்-இன்) மூடிவிடுவார்கள். யார் யார் ஏறியிருக்கிறார்கள் என்ற பட்டியலை முடித்துக் கொடுத்தால்தான் கப்பலை எடுக்க முடியும் என்பதால், பிந்தி வருபவர்களுக்காகக் காத்திருக்க மாட்டார்கள். முந்தின நாளே போய்த் தங்கிவிடுங்கள். சிங்கப்பூரில் ஏறி மலேசியா, தாய்லாந்து போய்த் திரும்பும் பயணமென்றால், சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஒரே முறை நுழையும் விசா என்றால், விமானத்தில் போய் இறங்கும்போதே அது முடிந்துபோகும்.

துறைமுக வாசலில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். உங்கள் பெயரும் அறை எண்ணும் அச்சான சீட்டைப் பெட்டியின் கைப்பிடியில் சுற்றி, ஸ்டேப்ளர் அடித்துக் கொடுங்கள். ஆயிரக்கணக்கான பெட்டிகள் எக்ஸ்ரேயில் போய் வர வேண்டும். அறை வாசலுக்கு வந்து சேரச் சாயங்காலமோ இரவோ ஆகிவிடும். அதனால் பாஸ்போர்ட், மாத்திரை, மூக்குக்கண்ணாடி, சார்ஜர், ஒரு மாற்றுத் துணி எல்லாம் கைப்பையில்தான் இருக்க வேண்டும். சர்க்கரை, பிரஷர் மாத்திரையைப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மதியச் சாப்பாட்டு நேரத்தில் பெட்டியைத் தேடி அலைபவர்கள் எல்லாப் பயணத்திலும் இருக்கிறார்கள்.

பெட்டி வராமலே போவதற்கும் காரணம் உண்டு. நம் வீடுகளில் வெளியூர் என்றாலே ஹீட்டர் காயிலும் அயர்ன் பாக்ஸும் தானாகப் பெட்டிக்குள் போய்விடும். கப்பலில் இரண்டுக்கும் தடை. மின்சாரக் கெட்டில், மெழுகுவத்தி, ஊதுவத்தி, கத்தி, பெரும்பாலான எக்ஸ்டென்ஷன் பாக்ஸ்கள் எல்லாவற்றுக்கும் அப்படியே. எக்ஸ்ரேயில் இவற்றில் ஏதாவது தெரிந்தால் பெட்டியைத் தனி அறைக்குக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். நீங்கள் போய்த் திறந்துகாட்டி, பொருளை ஒப்படைத்தபிறகுதான் பெட்டி கிடைக்கும். நடுக்கடலில் தீயணைப்பு வண்டிக்கு போன் போட முடியாது, அதனால்தான் இத்தனை கெடுபிடி. கட்டுச்சோறும் வேண்டாம். கம்பெனி சீல் உடைக்காத முறுக்கு, மிக்சர் பாக்கெட்டைப் பொதுவாக விட்டுவிடுவார்கள். சைவம் மட்டும் சாப்பிடுபவர்கள் டிக்கெட் போடும்போதே சொல்லிவிட்டு, ஏறிய அன்று உணவக மேலாளரிடமும் ஒருமுறை உறுதிசெய்துகொள்ளுங்கள்.

பதிவு மேசையில் போட்டோ எடுப்பார்கள். ஒரு அட்டை தருவார்கள், அல்லது அது அறை வாசலில் இருக்கும். அறைச் சாவி, கப்பலுக்குள் பணப்பை, இறங்கி ஏறும்போது அடையாளம் எல்லாமே அந்த அட்டைதான்.

இனி அறை. ஜன்னல் இல்லாத உள்ளறை 150, 160 சதுர அடிதான் இருக்கும். தலைசுற்றலுக்குப் பயப்படுபவர்கள் அறையைத் தேர்ந்தெடுக்கும்போதே கீழ்த்தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். ஆட்டம் அங்கேதான் குறைவு. மேல்தளத்து பால்கனி அழகுதான், ஆனால் குமட்டல் வந்தவருக்கு அந்த அழகால் ஒரு பயனும் இல்லை. உள்ளே போனதும் துணியை அலமாரிக்கு மாற்றிவிட்டு, காலிப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள். நடக்க இடம் கிடைக்கும். சுவர் பெரும்பாலும் உலோகத் தகடு. நாலைந்து காந்தக் கொக்கி இருந்தால் தொப்பி, பை, துண்டு எல்லாம் தொங்கவிடலாம். ஸ்விட்ச் போர்டில் நம் ஊர் மூன்று முள் பிளக் பெரும்பாலும் போகாது, அடாப்டர் வேண்டும்.

குளியலறை வாசலில் உயர்ந்த நிலைப்படி இருக்கும். இரவில் பெரியவர்கள் இடறுவது அங்கேதான். கழிவறையில் தண்ணீர் கொட்டி அடித்துக்கொண்டு போகாது. பொத்தானை அழுத்தினால் ஒரு நொடி தாமதித்து, ‘உஷ்’ என்று பெரும் சத்தத்தோடு காற்று உறிஞ்சிக்கொண்டு போகும். மூடியைச் சாத்தியபிறகு அழுத்துங்கள். ஈரத் துடைப்புத் தாள், நாப்கின், மீந்த சாப்பாடு எதையும் அதில் போடாதீர்கள். குழாய் அடைத்தால் பக்கத்து அறைகளுக்கும் சேர்த்தே நின்றுபோகும். கைக்குழாய் பெரும்பாலும் இருக்காது. ஒரு பிளாஸ்டிக் மக் கொண்டுபோவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பால்கனிக் கதவு திறந்திருக்கும்போது அறைக்கதவையும் திறந்தால், காற்று இழுத்துப் படாரென்று சாத்தும். குழந்தைகளின் விரல் நசுங்குவது அப்படித்தான்.

கிளம்புமுன் பாதுகாப்புப் பயிற்சி நடக்கும். ஏழு குட்டை ஒலி, ஒரு நீண்ட ஒலி: அதுதான் அபாய அறிவிப்பு. நீங்கள் கூடவேண்டிய இடம் அட்டையிலும் அறைக்கதவின் பின்புறமும் எழுதியிருக்கும். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலிக் கரையோரம் கோஸ்டா கான்கார்டியா என்ற சொகுசுக் கப்பல் பாறையில் மோதிச் சாய்ந்ததில் 32 பேர் இறந்தார்கள். அன்று ஏறிய பல நூறு பேருக்கு இந்தப் பயிற்சி நடந்திருக்கவில்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பதுதான் அப்போதைய விதி. கப்பல் கிளம்புமுன்போ கிளம்பிய உடனேயோ நடத்த வேண்டும் என்று 2015 முதல் மாற்றினார்கள். ஒகேனக்கல் பரிசலில் லைஃப் ஜாக்கெட் மாட்டாமல் ஏற்றுவதில்லையே, அதே போலத்தான் இதுவும். சில கப்பல்களில் டிவியில் படம் பார்த்துவிட்டு, கூடும் இடத்துக்குப் போய் அட்டையைக் காட்டினால் போதும். அப்போதும் லிஃப்டில் போகாமல், படிக்கட்டு வழியே நடந்து வழியைப் பழகிக்கொள்ளுங்கள். அபாய நேரத்தில் லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது. முட்டிவலிக்காரர்களோ சக்கர நாற்காலியில் இருப்பவர்களோ கூட வந்தால், அறை எண்ணோடு அவர்கள் பெயரை அன்றைக்கே வரவேற்பு மேசையில் பதிந்துவிடுங்கள். தூக்கி இறக்க ஆள் தேவைப்படும் அறை எது என்று கப்பல்காரர்களுக்கு அப்போதுதான் தெரியும். வணக்கம்.