அழாத பிள்ளைக்குப் பால் உண்டா?

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். ‘ஐரோப்பாவில் சிறுபான்மையினர் உரிமைக் காப்புக்கு அடிப்படையாக அமைய வேண்டியது பாதுகாப்பா, நீதியா?’ என்னும் தலைப்பில், நீதியே என்று வாதாட வந்திருக்கிறேன். இங்கே பாதுகாப்பு என்பது நாடுகளுக்குள்ளும் நாடுகளுக்கிடையிலும் மோதல் மூளாமல் தடுப்பது.

எதிரணி நண்பர் 1993-ஆம் ஆண்டின் எஸ்தோனியாவை எடுத்துக்காட்டினார். குடியுரிமை இல்லாதோர் வசிப்பு அனுமதிக்கு விண்ணப்பிக்க வேண்டும் என்ற அயல்நாட்டவர் சட்டத்தால் ரஷ்ய மொழியினர் கொதித்தெழுந்து, அவர்கள் மிகுந்த நார்வா நகரம் தன்னாட்சிக்கு வாக்கெடுப்பே நடத்தியபோது, இன்று ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பு எனப்படும் அமைப்பின் உயர் ஆணையர் மாக்ஸ் வான் டெர் ஸ்டூல் இரு தரப்பிடமும் ஓசையின்றிப் பேசி நிலைமையைத் தணித்தார் என்றார். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவர் பதவியின் பெயரைச் சற்று உற்றுப் பாருங்கள்: அவர் தேசியச் சிறுபான்மையினருக்காக வாதாடும் ஆணையர் அல்லர், அவர்கள் ‘தொடர்பான’ ஆணையர். 1992-இல் ஹெல்சிங்கியில் வகுக்கப்பட்ட விதிப்படி, தனிமனிதரின் முறையீட்டை அவர் விசாரிக்கவும் முடியாது. மோதல் மூளுமா என்பதே அவர்முன் உள்ள கேள்வி.

அழுத பிள்ளைதான் பால் குடிக்கும் என்பார்கள். அழுகை ஓய்ந்தால் என்ன ஆகும் என்பதை லாத்வியாவில் கண்டோம்: பெரும்பாலும் ரஷ்ய மொழியினரான குடியுரிமையற்றோர் ஐந்து லட்சம் பேர் அளவில் இருக்கும்போதே, 2001 இறுதியில் அதே ஐரோப்பியப் பாதுகாப்பு ஒத்துழைப்பு அமைப்பு, அவர்கள் நிலையைக் கவனித்துவந்த தன் அலுவலகத்தை அங்கே மூடிவிட்டது.

அழவே வலுவற்ற பிள்ளையின் கதை இன்னும் கொடிது. ஐரோப்பிய நாடுகள் பலவற்றிலும் சிதறி வாழும் சிறுபான்மையினரான ரோமா மக்களுக்குப் பின்னால் படை வைத்திருக்கும் தாய்நாடு எதுவுமில்லை. செக் குடியரசின் ஒஸ்த்ராவா நகரில், அவர்களின் மொழியையும் சூழலையும் கருதாத உளவியல் தேர்வுகளை வைத்து, அறிவு வளர்ச்சி குன்றியோருக்கான சிறப்புப் பள்ளிகளில் அவர்களின் பிள்ளைகளைச் சேர்த்தார்கள். இதை எதிர்த்து வழக்குத் தொடுத்த பதினெட்டு ரோமா மனுதாரர்கள் தாக்கல் செய்த கணக்குப்படி, ரோமா பிள்ளைகளில் 50.3 விழுக்காட்டினர் அப்பள்ளிகளில் இருந்தார்கள். மற்றப் பிள்ளைகளில் 1.8 விழுக்காட்டினரே. துப்பாக்கி வெடிக்கவில்லை, எல்லை அசையவில்லை. பாதுகாப்பு என்னும் தராசில் இந்த அநீதிக்கு எடையே இல்லை, நடுவர் அவர்களே!

அதை எடைபோட்டது நீதிமன்றம்தான். அதுவும் எளிதில் நடக்கவில்லை: 2006-இல் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தின் சிற்றமர்வு வழக்கைத் தள்ளியது, 2007 நவம்பரில் அதே நீதிமன்றத்தின் பதினேழு நீதிபதிகள் கொண்ட பேரமர்வு 13-க்கு 4 என்ற கணக்கில், இது கல்வி உரிமையில் இழைத்த பாகுபாடு என்று தீர்ப்பளித்தது. நீதி தாமதமாகிறது என்று எதிரணியினர் சொல்லக்கூடும், சொல்லட்டும். அந்தப் பதினெட்டு மனுதாரர்களில் இளையவர்களுக்கே அப்போது 16 வயதாகியிருந்தது. தலைக்கு 4,000 யூரோ இழப்பீடு கிடைத்தது. அந்தத் தாமதமான தீர்ப்பையும் எந்தப் பாதுகாப்பு மாநாடு அவர்களுக்குத் தந்திருக்கும் என்பதை எனக்கு அடுத்துப் பேச வரும் நண்பர் சொல்ல வேண்டும்.