மனநோய்களைப் பிரித்தறிவதில் செவிலியரின் பங்கு

மதுரை வானொலி நேயர்களுக்கு வணக்கம். மனநலப் பிரிவில் செவிலியராகப் பணியாற்றி, இப்போது மாணவிகளுக்கு அந்தப் பாடத்தைக் கற்பித்தும் வருகிற நான், ஒரே மாதிரித் தோன்றும் மனநோய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்தறிவதைப் பற்றி இன்று பேசுகிறேன். இன்ன நோய் என்று முடிவு செய்வது மருத்துவரின் பொறுப்பு. ஆனால் அவர் நோயாளியோடு இருப்பது சில நிமிடங்கள். இரவும் பகலும் வார்டில் இருப்பவர் செவிலியர். நோய்களின் வேறுபாடு பெரும்பாலும் அந்த நீண்ட நேரத்தில்தான் வெளிப்படுகிறது.

சோழவந்தான் பக்கத்திலிருந்து எழுபது வயதைக் கடந்த ஒரு மூதாட்டியை அழைத்து வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இல்லாத ஆட்களோடு பேசுகிறார். பெற்ற மகனையே யாரென்று கேட்கிறார். இரவில் எழுந்து வாசலுக்கு ஓடுகிறார். "அப்பத்தாவுக்குப் புத்தி பேதலிச்சுப் போச்சு" என்கிறான் பேரன். இதை மனச்சிதைவு என்றும் நினைக்கலாம், மறதிநோய் என்றும் நினைக்கலாம். எனவே முதலில் கேட்க வேண்டியது, இது எப்போது தொடங்கியது என்பதே. போன வாரம் வரை களத்தில் நெல் காயப்போட்டவர் மூன்றே நாளில் இப்படி ஆனார் என்றால், அது மறதிநோயின் போக்கு அன்று. அந்த நோய் பெரும்பாலும் மாதக்கணக்கில், ஆண்டுக்கணக்கில் மெல்லக் கூடுவது. மனச்சிதைவு இந்த வயதில் முதன்முதலாக, அதுவும் இவ்வளவு வேகமாக வருவது அரிது. டெலிரியம் எனப்படும் திடீர்க் குழப்பநிலையைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். சிறுநீர்த் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவது, சுகர் மாத்திரை போட்டுவிட்டுச் சாப்பிடாமல் இருப்பது, புதிதாகத் தொடங்கிய ஏதோவொரு மாத்திரை என்று இதற்கு உடலில்தான் காரணம் இருக்கும்.

இதைப் படுக்கையருகிலேயே ஓரளவு சோதித்துப் பார்க்கலாம். கிழமைகளைப் பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் கிழமை தெரியும். "சனி, வெள்ளி" என்று தொடங்கி, பாதியில் நூல் அறுந்து, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தால் கவனம் நிலைகொள்ளவில்லை என்று பொருள். காலையில் சரியாகச் சொன்னவர் இரவில் தடுமாறினால் அந்த ஏற்ற இறக்கமே முக்கியமான தடயம்; அதை நேரத்தோடு கேஸ் ஷீட்டில் எழுத வேண்டும். இதே குழப்பநிலையில் சிலர் சத்தமே போடாமல் சுருண்டு படுத்திருப்பார்கள். மனச்சோர்வு என்று எண்ணி விட்டுவிடுகிற ஆபத்து அவர்களிடம்தான் அதிகம்.

விபத்தில் கால் முறிந்து எலும்பு முறிவு வார்டில் சேர்க்கப்பட்ட ஒருவர், மூன்றாம் நாள் இரவு, போர்வையில் எறும்பு ஊர்கிறது என்று தட்டிக்கொண்டே இருக்கிறார். கை நடுங்குகிறது, வியர்க்கிறது, நாடி வேகமாக ஓடுகிறது. காத்துக் கருப்பு அடித்துவிட்டது என்று வீட்டார் கலங்குவார்கள். அவர் கடைசியாக எப்போது குடித்தார் என்று கேட்கத் தெரிய வேண்டும். தினமும் அதிகமாகக் குடித்தவர் குடியைத் திடீரென நிறுத்தினால், 2 முதல் 4 நாட்களுக்குள் இந்தக் கடும் நிலை வரலாம். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. அவருக்குக் குளுக்கோஸ் ஏற்றுவதற்கு முன் தையமின் என்ற வைட்டமின் பி1 ஊசி போட வேண்டுமா என்று மருத்துவரிடம் கேட்பதும் செவிலியரின் கடமையே.

நம் சீமையில் சாமியாட்டத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். முளைப்பாரி எடுக்கையில் கொட்டுச் சத்தத்துக்குச் சாமி வந்து ஆடி, குறி சொல்லி, திருநீறு பூசியதும் அடங்கி, மறுநாள் களையெடுக்கப் போகிறவருக்கு நோய் ஏதுமில்லை. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி 11 என்ற நோய் வகைப்பாடும், சமூகம் ஏற்றுக்கொண்ட வழிபாட்டு நிலையை நோயாகக் கருதுவதில்லை. கொட்டும் கோயிலும் இல்லாத இடத்தில், தான் விரும்பாமலே அடிக்கடி வந்து, அன்றாட வாழ்வைக் குலைத்தால் அது வேறு. அதற்குச் சிகிச்சை வேண்டும்.

இளம் செவிலியர்களிடம் நான் மிகவும் வற்புறுத்துவது மருந்தினால் வரும் அமைதியின்மையைப் பற்றி. மனச்சிதைவு போன்ற நோய்களுக்குத் தரும் ஹாலோபெரிடால் போன்ற மருந்து தொடங்கிய சில நாட்களில் ஒருவர் வார்டுக்குள் குறுக்கும் நெடுக்கும் நடக்கிறார், உட்கார்ந்தால் உடனே எழுகிறார். நோய் முற்றிவிட்டது என்று மருந்தைக் கூட்டினால் அவஸ்தையும் கூடும். "உட்காரப் பிடிக்கவில்லையா, உட்கார முடியவில்லையா?" என்று பொறுமையாகக் கேளுங்கள். "உக்காரணும்னுதான் இருக்கு சிஸ்டர், காலு விடமாட்டேங்குது" என்று அவர் சொன்னால், அந்த வார்த்தையை அப்படியே எழுதி, முந்தைய மருந்து கொடுத்த நேரத்தையும் குறித்து, அடுத்த வேளை மருந்துக்கு முன் மருத்துவரை அழையுங்கள். "முரண்டு பிடிக்கிறார்" என்று எழுதிவிட்டால் அந்த மனிதரின் வேதனை ஏட்டில் இல்லாமலே போய்விடும்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள். மருத்துவமனைக்கு வரும்போது வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும், நாட்டு மருந்து உட்பட, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள். மனச்சோர்வென்று வருபவருக்குத் தைராய்டு குறைந்திருக்கலாம். எனவே பழைய ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளும் தேவை. அவர் முன்பொரு காலத்தில் தூக்கமே இல்லாமல், களைப்பும் தெரியாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தோடு செலவழித்துத் திரிந்ததுண்டா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். மனச்சோர்வும் இப்படிப்பட்ட மனஎழுச்சியும் வெவ்வேறு காலங்களில் வரும் இருதுருவ நோயில் மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுத்தால் மனஎழுச்சி கிளம்பக்கூடும். எங்கே போவதென்று தெரியாதவர்கள் 14416 என்ற, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் எந்த நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். நன்றி, வணக்கம்.