ஸ்பீக்கர் லெவல் செட் பண்றது எப்படி? மீட்டர், டெஸ்ட் டோன், அப்புறம் அந்த சப்வூஃபர்

வணக்கம் மக்களே. டயலாக் கேக்கலைன்னு வால்யூம் ஏத்துறீங்க, அடுத்த சீன்ல வெடிச்சத்தம் வந்து ஜன்னல் அதிருது, மறுபடி ரிமோட்டைத் தேடுறீங்க. படத்தோட மிக்ஸிங்கும் இதுக்கு ஒரு காரணம்தான். ஆனா நிறைய வீட்ல ஸ்பீக்கர் லெவலே ஒண்ணுக்கொண்ணு பொருந்தாம கிடக்கும். இன்னைக்கு அதைச் சரி பண்ணிடலாம்.

முதல்ல மீட்டர், அதாவது சத்தத்தை டெசிபல்ல அளக்கிற கருவி. நீங்க உக்கார்ற இடத்துல ஒவ்வொரு ஸ்பீக்கரும் 75 டெசிபல் வரணும், அதான் இலக்கு, ஏன்னு பின்னாடி சொல்றேன். இதுல பாருங்க, ஏ, சின்னு ரெண்டு வெயிட்டிங் இருக்கு, எந்த அலைவரிசையை எவ்வளவு கணக்குல எடுக்கணும்ங்கிற செட்டிங். சி-ல வைங்க, ரெஸ்பான்ஸ் ஸ்லோ. ஏ-ல வெச்சா 50 ஹெர்ட்ஸ்ல கிட்டத்தட்ட 30 டெசிபல் குறைச்சுக் காட்டும். அதை நம்பி சப்பை, அதாவது அடி பாஸ் கொடுக்கிற சப்வூஃபரை, ஏத்தினீங்கன்னா பக்கத்து வீட்டுக்காரங்க வந்து நிப்பாங்க.

போன் ஆப் போதுமான்னு கேப்பீங்க. ஃப்ரன்ட், சென்டர், சரவுண்டை ஒண்ணோட ஒண்ணு ஒப்பிட்டுப் பாக்க தாராளமாப் போதும். 75-க்குப் பதிலா 71-னு காட்டினாலும் கவலையில்ல, எல்லா ஸ்பீக்கருக்கும் அதே 71 வந்தா சரி. சப்புக்கு மட்டும் போனை நம்பாதீங்க. அந்த மைக் பேச்சுக்குன்னு செஞ்சது, அடி பாஸ் அதுல ஒழுங்கா பதியாது.

மீட்டரை ட்ரைபாட்ல மாட்டி, நீங்க உக்காந்தா காது எந்த உயரத்துல வருமோ அங்க வைங்க, மைக் கூரையைப் பாத்து இருக்கட்டும். அப்பதான் சுத்தி இருக்கிற எல்லா ஸ்பீக்கரும் அதுக்கு ஒரே கோணம். கையில பிடிச்சா உங்க உடம்புல பட்டுத் திரும்புற சத்தமும் கணக்குல சேந்துடும்.

ஃபேன், ஏசி ரெண்டையும் நிறுத்துங்க. டெஸ்ட் டோன், அதாவது லெவல் பாக்கப் போடுற சோதனைச் சத்தம், இல்லாதப்ப மீட்டர் 65-க்குக் கீழ காட்டணும். ரூம் சத்தமே 72 இருக்குன்னு வைங்க, மீட்டர் 75 காட்டும்போது உங்க ஸ்பீக்கர் கொடுக்கிறது வெறும் 72 தான்.

இப்ப ரிசீவர், அதாவது எல்லா ஸ்பீக்கரையும் ஓட்டுற பெட்டி. லெவலைத் தொடுறதுக்கு முன்னாடி ஸ்பீக்கர் சைஸ் ஸ்மால், கிராஸ்ஓவர் (இதுக்குக் கீழ உள்ள பாஸ் சப்புக்குப் போகும்) 80 ஹெர்ட்ஸ், தூரம் டேப் வெச்சு அளந்தது, இதெல்லாம் முடிஞ்சிருக்கணும். நைட் மோட், டைனமிக் வால்யூம், பாஸ் ட்ரெபிள் எல்லாம் ஆஃப். அப்புறம் லெவல் மெனுவுல டெஸ்ட் டோன். பெரும்பாலும் வால்யூம் எங்க இருந்தாலும் டோன் ஒரே அளவுலதான் வரும். உங்க ரிசீவர்ல அப்படி இல்லன்னா வால்யூமை 0 டெசிபல்ல வைங்க. 0-லேர்ந்து 98 வரைக்கும் ஸ்கேல் போற மாடல்ல அது 80.

ஏன் 75? தியேட்டர்ல டிஜிட்டல் உச்ச அளவுக்கு 20 டெசிபல் கீழ, அதாவது மைனஸ் 20-ல, பதிஞ்ச பிங்க் நாய்ஸுக்கு ('ஷ்ஷ்'னு வர்ற சோதனைச் சத்தம்) 85 டெசிபல் வரணும். ரிசீவருக்குள்ள இருக்கிற டோன் மைனஸ் 30, அதனால 10 குறைஞ்சு 75. அவ்வளவுதான் ரகசியம்.

லெஃப்ட் ஃப்ரன்ட்டை 75-க்குக் கொண்டு வாங்க, அப்புறம் வரிசையா மத்ததெல்லாம். சரவுண்ட் கிட்டக்க இருக்கிறதால மைனஸ்ல போகும், அது இயல்பு. ஒரே மாடல், ஒரே தூரம், ஆனா லெஃப்டுக்கும் ரைட்டுக்கும் ட்ரிம் (லெவல் மெனுவுல ஏத்தி இறக்கின அளவு) 3 டெசிபல் வித்தியாசம் வந்தா உடனே அதை ஒத்துக்காதீங்க. ஒயர் லூஸா, ட்வீட்டர் போயிடுச்சா, ஒரு பக்கம் மட்டும் சுவர் ஒட்டி இருக்கான்னு பாருங்க. இன்னொண்ணு, பிளஸ் மைனஸ் மாத்தி மாட்டியிருந்தா மீட்டர் அதைக் காட்டவே காட்டாது, நம்பர் அப்படியே 75 வரும். மோனோ குரல் ஒண்ணை ரெண்டு ஃப்ரன்ட்ல மட்டும் ஓட விடுங்க. நடுவுல கேக்காம எங்கேயோ பரவலாக் கேட்டா ஒயர் மாறியிருக்கு.

இப்ப சப். பின்னாடி கெயின் (சப்போட வால்யூம்) குமிழைப் பாதியில வைங்க, லோ பாஸ் குமிழ் முழுசா மேல, இல்லன்னா எல்எஃப்ஈ (படத்துல தனியா வர்ற பாஸ் சேனல்) இன்புட். டோன் ஓடும்போது மீட்டர் மேலயும் கீழயும் ஆடும், 10, 15 செகண்ட் பாத்து நடுவுல எடுங்க. ரிசீவர் ட்ரிம் மைனஸ் 3-லேர்ந்து மைனஸ் 6-க்குள்ள 75 வரணும், அதுக்கு ஏத்த மாதிரி கெயினைத் திருப்புங்க.

ட்ரிம் மைனஸ் 12-ல போய் முட்டி நின்னா நிறுத்துங்க. அதுக்கு மேல குறைக்க ரிசீவரால முடியலைன்னு அர்த்தம், சப் இன்னமும் அதிகமாவே ஓடிட்டு இருக்கலாம். அதோட, சிக்னல் ரொம்ப மெலிஞ்சு போறதால ஆட்டோ ஆன்ல இருக்கிற சப் அமைதியான சீன்ல தூங்கிடும். நேர்மாறா ட்ரிம் பிளஸ் 8, 10-னு போனா பெரிய சீன்ல ரிசீவர் அவுட்புட் கிளிப் ஆகும், அதாவது தாங்க முடியாம சத்தம் சிதையும்.

எல்எஃப்ஈ 10 டெசிபல் கூடுதல்னு எங்கேயோ படிச்சுட்டு சப்பை 85-ல வைக்கிறாங்க. வேண்டாம். அந்த 10-ஐ ரிசீவரே சேத்துக்கும்.

75 வந்தும் பாஸ் மெலிசா இருந்தா, நீங்க உக்காந்திருக்கிற இடத்துல சில அலைவரிசைகள்ல நேரா வர்ற அலையும் சுவர்ல பட்டுத் திரும்புற அலையும் ஒண்ணையொண்ணு அடிச்சுக்குது, அங்க ஒரு பள்ளம் விழுது. லெவல் ஏத்தினா அந்தப் பள்ளம் அப்படியேதான் இருக்கும், பக்கத்து சீட்ல மட்டும் குமுறும். சப்பையோ சோபாவையோ ஒரு 30 சென்டிமீட்டர் நகர்த்திப் பாருங்க.

ஆட்டோ கேலிப்ரேஷன் (ரிசீவரே மைக் வெச்சு அளந்து செட் பண்றது) ஓட்டினவங்க ஒண்ணு கவனிங்க. பல ரிசீவர்ல இந்த டெஸ்ட் டோன் அது போடுற ஈக்யூ (அலைவரிசைத் திருத்தம்) வழியாப் போறதில்ல. அதனால பின்னாடி மீட்டர் வெச்சு 1, 2 டெசிபல் மாறுதேன்னு ட்ரிம்மைத் திருத்தாதீங்க, ஏற்கெனவே சரியா இருந்ததைக் கெடுத்துடுவீங்க.

எல்லாம் சமமான பிறகு டயலாக் தெளிவுக்கு சென்டர்ல ஒரு 1, 2 டெசிபல், பாஸ் பிடிச்சவங்க சப்புல 3 ஏத்திக்கலாம், தப்பே இல்ல. ஏத்துறதுக்கு முன்னாடி அந்த லெவல் ஸ்கிரீனை ஒரு போட்டோ எடுத்து வெச்சுக்கங்க, ரிசீவரை ரீசெட் பண்ண வேண்டி வந்தா தேவைப்படும்.