ஒன்றரை மணிக் கூத்தில் எதைக் குறைப்பது?

நேயர்களுக்கு வணக்கம். திருகோணமலையில் ஒரு மன்றமோ பாடசாலையோ கோணேசர் கோயில் வரலாற்றைக் கூத்தாகப் போட நினைத்தால், முதலில் விசாரிப்பது உடுப்பு வாடகையை. விசாரிக்க வேண்டியது கூத்தைப் பழக்கி நடத்துகிற அண்ணாவியாரையும் அவர் அடிக்கிற மத்தளத்தையும்.

விடிய விடிய ஆடிய கூத்தை ஒன்றரை, இரண்டு மணிக்குள் கொண்டுவரலாம் என்பதைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களில் பேராதனையில் காட்டிவிட்டார். 1964இல் வந்த ‘இராவணேசன்’ அந்த வரிசையில் ஒன்று. இராவணனாக ஆடியவர் சி. மௌனகுரு. அதே வழியில் சுருக்கப் புறப்படுகிற பலர், கத்தரியைப் பிழையான இடத்தில் வைக்கிறார்கள். பாத்திரம் முதலில் வந்து ஆடுகிற வரவு ஆட்டத்தை வெட்டிவிட்டு வசனத்தை நீட்டுகிறார்கள். அரசன் களரிக்குள், அதாவது ஆடுகளத்துக்குள், வரும்போது அடிக்கிற தாளக்கட்டும் அவன் வைக்கிற காலுமே அவன் யாரென்று சனத்துக்குச் சொல்லிவிடும். வெட்ட வேண்டியது வேறு: ஒரே சங்கதி தாளமில்லாமல் பாடுகிற விருத்தத்திலும் வரும், தாளத்தோடு ஆடிப் பாடுகிற தருவிலும் வரும், வசனத்திலும் வரும். தரு நிற்கட்டும், மற்றதில் ஒன்று போகட்டும். பிற்பாட்டுக்காரர் மடக்கி மடக்கிப் பாடுவதை ஒரு தடவையாக்கினாலே கணிசமான நேரம் மிஞ்சும்.

பழக்கும்போது, சட்டம் கொடுத்த கையோடு, அதாவது ஆளுக்காள் பாத்திரம் பங்கிட்ட கையோடு, பாட்டில் இறங்க வேண்டாம். எல்லோரையும் வட்டமாக விட்டு, வாயால் தாளக்கட்டுச் சொல்லிக் காலை மட்டும் பழக்குங்கள். கால் தன்பாட்டில் போகாதவனுக்கு ஆட்டம் வேகமெடுத்ததும் மூச்சு முட்டும். வரியின் கடைசிச் சொல்லை விழுங்குவான். கதை தெரியாதவருக்கு அந்தச் சொல்தான் தேவைப்படும்.

கூத்தின் இரு மோடிகளில் ஒன்றான வடமோடியில் அரசருக்கான, வளையம் வைத்து விரிகிற கரப்புடுப்பை அரங்கேற்றத்தன்றுதான் முதன்முதல் கட்டுவார்கள். அன்றைக்குத்தான் தெரியும், இரண்டு அரசர் எதிரெதிரே சுற்றினால் வளையம் வளையத்தில் மோதுமென்று. உடுப்பின் அடிவட்ட அளவுக்கு ஒரு பிரம்பு வளையம் செய்து, இடுப்பில் கயிறுபோட்டுத் தொங்கவிட்டுப் பல வாரம் முன்பே ஆடவிடுங்கள். ஒப்பனை அறைக் கதவையும் ஒருக்கால் அளந்து பாருங்கள். சிரிக்க வேண்டாம், கதவில் சிக்கிய கிரீடங்களும் உண்டு.

வட்டக்களரியில் சனம் நாலு பக்கமும் இருக்கும். பாடசாலை மேடையில் ஒரு பக்கம்தான். அதற்காக ஆட்டத்தை நேர்கோட்டில் நிறுத்தினால் கூத்துப் போய்விடும். சுண்ணாம்பால் மேடையில் வட்டம் கீறி, பாட்டின் முதல் வரி முன்பக்கம் விழும்படி சுற்றை ஒழுங்குபண்ணலாம். அண்ணாவியாரை ஓரத்தில் ஒளிக்காதீர்கள். ஆடுகிறவனின் காலைப் பார்த்துத்தான் அவர் அடிக்கிறார்.

ஒலிவாங்கியை மத்தளத்துக்கு வைப்பதும் வழமையான பிழை. மத்தளமும் சல்லரி என்கிற கைத்தாளமும் தாமாகவே மண்டபத்தை நிறைக்கும். பெருக்கினால் பாட்டு அமுங்கும், சல்லரி காதைக் கிழிக்கும். பிற்பாட்டுக்கு ஒன்று, ஆடுகிறவர்களுக்கு மேலிருந்து தொங்குகிற ஒன்றிரண்டு, அவ்வளவும் போதும். மாரி காலத்தில் ஈரக்காற்றுப்பட்டுத் தோல் தளரும், சுருதி இறங்கும். மத்தளத்தைத் துணி சுற்றி உலர்ந்த இடத்தில் வையுங்கள். ஆட்டத்துக்கு முன் மெல்லிய சூடு காட்டினால் குரல் திரும்பும். நெருப்புக்குக் கிட்டப் பிடித்தால் தோல் வெடிக்கும்.

இனி எழுத்து. புதுக் கூத்தை எழுதுகிறவர் வெறுங்கடதாசியில் தொடங்காமல், அண்ணாவியாருக்குத் தெரிந்த ஒரு தருவின் மெட்டை வாயில் வைத்துக்கொண்டு அதன்மேல் சொல்லைப் போட வேண்டும். போர்த்துக்கேயர் கோயிலை இடித்த ஆண்டு 1624. “ஆயிரத்து அறுநூற்று இருபத்து நான்கு” என்று பாடிப் பாருங்கள், ஒரு வரி முழுவதையும் ஆண்டே தின்றுவிடும். அதை, அரசன் வரவை அறிவிக்கிற கட்டியகாரனின் வசனத்துக்குக் கொடுங்கள். இராவணன் கோயில் மலையை வெட்டிய கதையை இராவணனே தருவில் பாடட்டும். எது புராணம், எது நடந்த வரலாறு என்று சனம் தானே பிரித்துக்கொள்ளும். வணக்கம்.