ஜேஸைப் பிடிச்சா அஞ்சு ஸ்டார், பிடிக்கலைன்னா ஒண்ணு: 'சிட்டி ஆஃப் போன்ஸ்' சண்டை

[திரையில்: நாவலின் முதல் அமெரிக்கப் பதிப்பின் அட்டை]

இந்த அட்டையைப் பாருங்கள். சட்டை போடாத ஒரு இளைஞன், முகம் பாதிக்கு மேல் தெரியாது. உடம்பில் பச்சை குத்தியது போல வளைந்த குறிகள். கீழே நியூயார்க் நகரத்தின் கட்டடங்கள். பஸ்ஸில் வைத்துப் படிக்கக் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். ஆனால் 2007-இல் வந்த இந்த நாவலைப் பற்றி வாசகர்கள் இன்றைக்கும் விடாமல் அடித்துக்கொள்கிறார்கள். 'என் வாழ்க்கையை மாற்றிய புத்தகம்' என்று ஒருவர் ஐந்து நட்சத்திரம் கொடுப்பார். அடுத்தவர் 'அறுபது பக்கத்தில் மூடி வைத்துவிட்டேன்' என்று ஒன்று கொடுப்பார். நடுவில் நிற்கிறவர்கள் குறைவு.

ஏன் இப்படி? இந்த வீடியோவில் அதைத்தான் பார்க்கப் போகிறோம். கதையின் முடிச்சுகள் எல்லாவற்றையும் அவிழ்த்துத்தான் பேச வேண்டியிருக்கிறது. படிக்கும் எண்ணம் இருந்தால் இங்கேயே நிறுத்திவிட்டுப் படித்து முடித்து வாருங்கள்.

எழுதியவர் கசான்ட்ரா கிளேர். 'தி மார்ட்டல் இன்ஸ்ட்ருமென்ட்ஸ்' என்ற வரிசையின் முதல் புத்தகம் இது. வகை, அர்பன் ஃபேன்டஸி. அதாவது மாயாஜாலம் ஏதோ ஒரு கற்பனை ராஜ்யத்தில் நடக்காது. நாம் பஸ் ஏறுகிற, காபி குடிக்கிற அதே ஊருக்குள் நடக்கும், நம் கண்ணுக்குத்தான் தெரியாது. இங்கே அந்த ஊர் நியூயார்க்.

[திரையில்: இரவு நேர நடன விடுதி, மங்கிய விளக்குகள்]

தொடக்கக் காட்சியைச் சொல்லிவிடுகிறேன். பிடித்தவர், பிடிக்காதவர் இருவரும் பாராட்டுகிற இடம் அநேகமாக இது ஒன்றுதான். பாண்டிமோனியம் என்ற நடன விடுதி. வாசலில் நீல முடி வைத்த ஒரு பையன் ஆயுதத்தோடு நிற்கிறான். வாசல் காவலாளி கேட்டால் 'இது வேஷத்துக்காக' என்று சமாளித்து உள்ளே போகிறான். சில பக்கங்கள் அவன் பார்வையில்தான் கதை நகர்கிறது. இவன்தான் நாயகன் போல என்று நினைத்துக்கொண்டிருக்கும்போதே, வெள்ளை உடை அணிந்த ஓர் அழகியைப் பார்த்து அவள் பின்னாலேயே ஒரு சாமான் அறைக்குள் நுழைகிறான். அது பொறி. அவன் மனிதனே இல்லை, மனித வேஷம் போட்ட பேய். அந்தப் பெண்ணும் கூட வந்த இரண்டு பையன்களும் அவனைக் கொல்கிறார்கள். உடல் தனக்குள்ளேயே மடிந்து சுருங்கி மறைந்துபோகிறது. இதை மறைந்து நின்று பார்த்துவிடுகிறாள் க்ளேரி ஃப்ரே. பதினாறு வயது ஆகப்போகிற, படம் வரைகிற பெண். அவள் நண்பன் சைமன் காவலாளியைக் கூட்டிக்கொண்டு ஓடி வருகிறான். வந்தவர்கள் கண்ணுக்கு அங்கே க்ளேரியைத் தவிர யாரும் இல்லை.

அந்த மூன்று பேரும் ஷேடோஹன்ட்டர்கள். தேவதையின் ரத்தம் கலந்த, பேய்களை வேட்டையாடும் வம்சம். ஜேஸ், அலெக், அலெக்கின் தங்கை இசபெல். அப்புறம் கதை வேகம் பிடிக்கிறது. க்ளேரியின் அம்மா ஜோசலின் கடத்தப்படுகிறாள். வாலன்டைன் என்ற பழைய எதிரி திரும்பி வருகிறான். ஒரு மந்திரக் கோப்பையை எல்லோரும் தேடுகிறார்கள்.

சரி, குற்றச்சாட்டுகளுக்கு வருவோம்.

அதிகம் கேட்கிற குற்றச்சாட்டு, 'இது ஹாரி பாட்டரின் நகல்' என்பது. இதற்கு ஒரு பின்னணி இருக்கிறது. கிளேர் இந்த நாவலுக்கு முன்பு ஹாரி பாட்டர் பாத்திரங்களை வைத்து ரசிகர் கதைகள் எழுதி இணையத்தில் பெயர் வாங்கியவர். அந்த ஞாபகத்தோடு படிக்கிறவர்களுக்கு ஒப்புமைகள் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். செத்துவிட்டதாக எல்லோரும் நம்பிய கொடியவன் திரும்பி வருகிறான். அவனுக்கு ரத்தத் தூய்மை வெறி. முந்தைய தலைமுறையில் அவன் பின்னால் போனவர்கள் இன்று அப்பா அம்மாக்களாக அந்த ரகசியத்தை மறைத்துத் திரிகிறார்கள். இதையெல்லாம் இல்லையென்று சொல்ல முடியாது.

ஆனால் நகல் என்று சொல்லி முடித்துவிடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. க்ளேரிக்கு இந்த உலகம் தெரியாமல் இருந்தது தற்செயல் அல்ல. அவள் அம்மா இரண்டு வருடத்துக்கு ஒரு முறை அவளை மேக்னஸ் பேன் என்ற மந்திரவாதியிடம் கூட்டிப்போய், பார்த்ததையெல்லாம் மறக்கடித்திருக்கிறாள். பெற்ற தாயே மகளின் நினைவைத் தவணை முறையில் அழித்திருக்கிறாள், அதுவும் பாசத்தால். இந்த ஒரு விஷயம் நாவலுக்குச் சொந்தமானது. ஜோசலின் செய்தது சரியா என்று சண்டை போடும் வாசகர்கள், என் கணக்கில், புத்தகத்தைச் சரியாகப் படித்தவர்கள்.

[திரையில்: திறந்த நோட்டுப் புத்தகம், பென்சில் ஓவியம்]

அடுத்து நடை. உவமைகள் அதிகம் என்பார்கள். அதிகம்தான். யாராவது ஒருவர் தலையைத் திருப்பினால்கூட, முடி எதைப் போல மின்னியது, கண் எதைப் போல இருந்தது என்று வரும். அதோடு ஹாட்ஜ் என்ற ஆசிரியர் உட்கார்ந்து வரலாற்றுப் பாடம் எடுக்கும் பக்கங்கள் இழுக்கின்றன. இதில் குறை சொல்கிறவர்கள் பக்கம் நான்.

பெண்களைப் பற்றிய குறையும் நியாயமானது. இசபெல் சாட்டையைச் சுழற்றிச் சண்டை போடுகிறவள், சமைக்கத் தெரியாதவள், தைரியசாலி. இவ்வளவு நல்ல பாத்திரத்தை முதல் புத்தகம் முழுக்க க்ளேரி பொறாமையோடுதான் பார்க்கிறாள். இரண்டு பெண்கள் ஒரு கூரையின் கீழ் இருந்தால் அழகில் போட்டி வந்தே ஆக வேண்டும் என்ற அந்தக் காலத்து டீன் ஏஜ் நாவல் பழக்கம் இது. பின்னால் வரும் புத்தகங்களில் இருவரும் நெருங்குகிறார்கள். முதல் புத்தகத்தோடு நின்றுவிட்டவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

புகழ்கிறவர்கள் என்ன சொல்கிறார்கள்? முதலில் நகரம். ரூஸ்வெல்ட் தீவின் தென்கோடியில் பாழடைந்த அம்மை நோய் மருத்துவமனை ஒன்று நிஜமாகவே இருக்கிறது. ஜேம்ஸ் ரென்விக் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1856-இல் திறக்கப்பட்டது. ஐந்தாம் அவென்யூவில் இருக்கும் புனித பேட்ரிக் தேவாலயமும் அவர் கைவண்ணம்தான். நாவலின் இறுதி மோதல் அந்த இடிபாட்டில் நடக்கிறது. வெளியே பார்த்தால் கூரை இல்லாத சுவர்கள், உள்ளே வாலன்டைனின் கோட்டை. அதே போல, தலைப்பில் வரும் எலும்புகளின் நகரத்துக்குப் படி இறங்குவது மன்ஹாட்டனின் மார்பிள் கல்லறைத் தோட்டத்திலிருந்து. அந்த இடமும் உண்மை. அங்கே இறந்தவர்களைத் தரைக்கு அடியில் பளிங்கு அறைகளில் வைத்திருக்கிறார்கள். ஊரில் ஏற்கெனவே இருக்கும் அமானுஷ்யத்தைக் கிளேர் சரியாக மோப்பம் பிடித்திருக்கிறார்.

அப்புறம் அலெக். ஓரினச் சேர்க்கையாளன் என்பதை வீட்டில் சொல்ல முடியாமல் புழுங்குகிற பையன். மேக்னஸ் பேன், தன் பூனைக்குப் பிறந்தநாள் விருந்து வைக்கிற மந்திரவாதி. இவர்கள் இருவரின் கதை முதல் புத்தகத்தில் வெறும் தொடக்கம்தான். ஆனால் 2007-இல் இப்படிப்பட்ட ஒரு பையன் டீன் ஏஜ் ஃபேன்டஸியில் முக்கியப் பாத்திரமாக வருவது அரிது. இந்த வரிசையை அந்த ஜோடிக்காகவே படித்தோம் என்று சொல்கிற வாசகர்கள் நிறைய.

இவ்வளவும் சொன்னேன். ஆனால் இதில் எதுவும் அந்த ஐந்துக்கும் ஒன்றுக்கும் உள்ள இடைவெளியை விளக்காது. கருத்துகளை வரிசையாகப் படித்துப் பாருங்கள். புத்தகத்தைப் பற்றிப் பேசுவது போல இருக்கும். பேசுவது ஜேஸைப் பற்றி.

[திரையில்: கண்ணாடிக் கூரை போட்ட தோட்டம், நள்ளிரவு]

ஜேஸ் அழகன், திமிர் பிடித்தவன். பேய் பாய்ந்து வரும்போதும் நக்கலாக ஒன்று சொல்லாமல் இருக்க மாட்டான். இந்த வாய் பிடித்தவர்களுக்குப் புத்தகம் சிரித்துக்கொண்டே ஓடிவிடும். பிடிக்காதவர்களுக்கு ஒவ்வொரு பக்கமும் பல்லைக் கடிக்க வைக்கும். இதில் யாரையும் யாரும் மாற்ற முடியாது.

ஆனால் அவன் அப்பாவைப் பற்றிச் சொல்கிற இரண்டு இடங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொல்வேன்.

ஒன்று, தூங்கப் போகும் நேரத்தில் க்ளேரிக்குச் சொல்கிற கதை. ஒரு பையனுக்கு அவன் அப்பா ஒரு வல்லூறு கொடுக்கிறார். இதைப் பணிய வை என்கிறார். கண்ணைக் கட்டி வைத்துப் பழக்க வேண்டிய பறவையை இவன் கட்டாமல், கையில் கீறல் வாங்கி வாங்கி, தடவிக் கொடுத்து, ஊட்டி வளர்க்கிறான். பறவை அவன் தோளில் வந்து உட்கார ஆரம்பிக்கிறது. பெருமையாக அப்பாவிடம் காட்டுகிறான். அப்பா அதைக் கையில் வாங்கிக் கழுத்தை முறித்துப் போடுகிறார். பணிய வைக்கச் சொன்னேன், நீ அன்பு காட்டப் பழக்கியிருக்கிறாய் என்கிறார். பறவைக்காக அழுத பையன் அதற்குப் பிறகு அழவே இல்லை. அந்தப் பையன் யார் என்று ஜேஸ் சொல்வதில்லை. க்ளேரிக்கும் நமக்கும் புரிந்துவிடுகிறது.

இன்னொன்று, க்ளேரியின் பதினாறாவது பிறந்தநாள் இரவு. ஷேடோஹன்ட்டர்கள் தங்கியிருக்கும் கட்டடத்தின் உச்சியில் உள்ள தோட்டம். தன் ஐந்தாவது பிறந்தநாளுக்கு ஸ்பாகெட்டியில் குளிக்க வேண்டும் என்று ஆசைப்பட்டதை ஜேஸ் சொல்கிறான். அப்பா விடவில்லை, அப்படித்தானே என்று கேட்கிறாள் க்ளேரி. இல்லை, விட்டார் என்கிறான். பெரிய செலவில்லை, குழந்தை கேட்கிறான், செய்தால் என்ன என்றாராம்.

வல்லூறின் கழுத்தை முறித்தவரும், தொட்டி நிறைய ஸ்பாகெட்டி கொட்டிக் கொடுத்தவரும் ஒரே ஆள். அந்த ஆள்தான் வாலன்டைன் என்று கடைசியில் தெரிய வருகிறது. இறந்துவிட்டார் என்று நினைத்து ஜேஸ் இத்தனை வருடம் உருகிய அப்பாதான் கதையின் வில்லன். அவனைக் கண்டதும் ஜேஸ் பாதி கரைந்துபோகிறான். ஏன் கரைகிறான் என்று நமக்கும் தெரியும், ஸ்பாகெட்டி ஞாபகம் இருக்கிறதே. புத்தகத்தின் மிகச் சிறந்த திருப்பம் இது. ஆசிரியர் நூறு பக்கங்களுக்கு முன்பிருந்தே நம் கண்ணெதிரே இதைத் தயார் செய்துகொண்டு வந்திருக்கிறார்.

பிரச்சினை என்னவென்றால், இந்தத் திருப்பத்தோடு இன்னொன்று ஒட்டிக்கொண்டு வருகிறது. வாலன்டைன் க்ளேரிக்கும் அப்பா. அப்படியென்றால் இதுவரை காதலித்த ஜேஸும் க்ளேரியும் அண்ணன் தங்கை.

[திரையில்: கறுப்புத் திரை]

இங்கேதான் வாசகர்கள் புத்தகத்தைத் தூக்கி எறிகிறார்கள். அருவருப்பு ஒரு காரணம். 'ஸ்டார் வார்ஸ்' ஞாபகம் இன்னொரு காரணம். வில்லன்தான் அப்பா, கூட இருந்தவள்தான் சகோதரி என்பதை அங்கே பார்த்துவிட்டார்கள். இரண்டாவது புத்தகம் 'சிட்டி ஆஃப் ஆஷஸ்' 2008-இல் வந்தபோது எரிகிற தீயில் எண்ணெய் விழுந்தது. அதில் ஃபேரிகள் என்ற மாய இனத்தின் ராணி, க்ளேரி உள்ளூர விரும்பும் முத்தம் கிடைத்தால்தான் அவளை விடுவிப்பேன் என்கிறாள். அது ஜேஸின் முத்தம். சைமன் பார்த்துக்கொண்டு நிற்கிறான். அந்தக் காட்சியைத் துணிச்சல் என்று சொல்கிறவர்களும் உண்டு, மலிவான உசுப்பேற்றல் என்று சொல்கிறவர்களும் உண்டு.

2009-இல் வந்த மூன்றாவது புத்தகத்தில்தான் உண்மை தெரிகிறது. இருவரும் உடன்பிறந்தவர்கள் அல்ல. வாலன்டைன் ஜேஸை வளர்த்தவன் மட்டுமே.

என் கருத்தைக் கேட்டால், அப்பா யார் என்ற திருப்பம் கதைக்குள்ளிருந்து வந்தது. அண்ணன் தங்கை என்ற திருப்பம் அடுத்த புத்தகத்தை வாங்க வைக்க வந்தது. இரண்டாவதைப் பற்றிய கூச்சலில் முதலாவதை யாரும் பேசுவதே இல்லை என்பதுதான் என் வருத்தம். வல்லூறுக் கதையைத் தனியாக மேற்கோள் காட்டும் ரசிகர்கள்கூட ஸ்பாகெட்டியை அதனோடு சேர்த்துப் பார்ப்பதில்லை.

2013-இல் லில்லி காலின்ஸ் நடித்து வந்த திரைப்படத்துக்கே இந்த இடத்தில் பயம் வந்துவிட்டது. அண்ணன் தங்கை என்று பொய் சொல்லலாம் என வில்லன் தரப்பில் பேசிக்கொள்வதைப் படத்திலேயே காட்டிவிட்டார்கள். பார்வையாளருக்கு அருவருப்பு மிச்சம், ஆனால் முடிச்சும் போயிற்று. அடுத்த பாகம் எடுப்பதாக அறிவித்திருந்தார்கள், வரவேயில்லை. 2016-இல் தொடங்கிய தொலைக்காட்சித் தொடர் க்ளேரியின் வயதைப் பதினெட்டாக்கி, மூன்று சீசன் ஓடி 2019-இல் முடிந்தது. அலெக், மேக்னஸ் ஜோடியைக் கொண்டாடியவர்கள்தான் அந்தத் தொடரைக் கடைசிவரை தாங்கிப் பிடித்தார்கள் என்று எனக்குத் தோன்றும்.

[திரையில்: ஆறு புத்தகங்களின் முதுகு, வரிசையாக]

கடைசியாக, இப்போது படிக்கலாமா, எதிலிருந்து தொடங்குவது என்ற கேள்வி. வரிசையில் மொத்தம் ஆறு புத்தகங்கள், கடைசி 2014-இல் வந்தது. ஆனால் முதல் மூன்றோடு ஒரு கதை முழுதாக முடிந்துவிடுகிறது, அங்கேயே நிறுத்திக்கொண்டால் ஒரு குறையும் இல்லை. ஜேஸின் வாய் தாங்க முடியவில்லை என்றால் வேறு வழி இருக்கிறது. 1878-ஆம் வருட லண்டனில் இதே வம்சத்தின் மூதாதையர்களைப் பற்றி 'தி இன்ஃபெர்னல் டிவைசஸ்' என்று மூன்று புத்தகங்கள் எழுதியிருக்கிறார் கிளேர். முதலாவது 'க்ளாக்வொர்க் ஏஞ்சல்', 2010. நடை அதில் நன்றாகத் தேறியிருக்கிறது. அங்கும் நக்கல் பேசும் ஒருவன் இருக்கிறான், வில் என்று பெயர். ஆனால் அவனுக்குப் பக்கத்தில் ஜெம் என்று ஒரு சாந்தமான பையனையும் உட்கார வைத்திருக்கிறார்கள். உங்களுக்கு இருவரில் யாரைப் பிடித்தது என்று கமென்டில் எழுதுங்கள். அங்கே நடக்கிற சண்டை இதைவிடப் பெரிது.