ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும்

(கோத்தகிரியில் மூத்த குடிமக்கள் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)

தலைவர் அவர்களே, முன்வரிசையில் கம்பளியோடு வீற்றிருக்கும் நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, தோட்டக்கலைத் துறையிலிருந்து வந்திருக்கும் அதிகாரி அவர்களே, மைக்செட் தம்பி உட்பட அனைவருக்கும் வணக்கம். எனக்குப் போர்த்திய சால்வை ஒன்பதாவது. இந்தக் குளிரில் வேண்டாம் என்று சொல்ல மனமில்லை. டாக்டர் அம்மா வேறு கூட்டத்துக்குப் போக வேண்டுமாம், அவரை வைத்துக்கொண்டே முக்கியமானதைச் சொல்லிவிடுகிறேன்.

1975-ல் எஸ்.எஸ்.எல்.சி. முடித்த எங்கள் செட் வருகிற புரட்டாசியில் மறுபடி இங்கே கூடுகிறது. அதையொட்டி நாலு நாள் மலைச் சுற்றுலா. வயதானவர்கள் எப்படித் திட்டமிட வேண்டும் என்பதற்கு மூன்று விஷயம் வைத்திருக்கிறேன். ஒன்று மாதம், இரண்டு மூச்சு, மூன்று செலவைப் பங்கு போடுவது. எல்லாவற்றுக்கும் மேலே எங்கள் அப்பா ஓயாமல் சொல்லும் பழமொழி ஒன்று: பதறாத காரியம் சிதறாது.

முதலில் மாதம். தொல்காப்பியர் குறிஞ்சிக்குக் கூதிரும் யாமமும் என்று எழுதி வைத்தார். கூதிர் என்றால் ஐப்பசி, கார்த்திகை. காதலர்களுக்கு அது சரி. மூட்டுவலிக்காரர்களுக்குச் சரிப்படாது. கோத்தகிரியும் குன்னூரும் கிழக்கே பார்த்த சரிவு, வடகிழக்குப் பருவமழை நேரே வந்து மோதும். 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியதும் மலை சரிந்ததும் இங்கே யாருக்கு மறந்திருக்கும்? ஆகவே செப்டம்பர் பாதியிலிருந்து அக்டோபர் பாதிக்குள் முடித்துக்கொள்ளுங்கள். நாம் ‘ரெண்டாம் சீசன்’ என்கிறோமே, அதுதான். ஆயுத பூஜை லீவு நாட்களை மட்டும் தள்ளி வையுங்கள். சொந்த வண்டியில் வரும் வெளியூர் நண்பர்கள் நீலகிரிக்குள் நுழைய இ-பாஸ் எடுக்க வேண்டும். 2024 மே மாதத்திலிருந்து அது உண்டு, காசு கிடையாது. அரசு பஸ்ஸில் வந்தால் அதுவும் தேவையில்லை.

அடுத்தது மூச்சு. மேட்டுப்பாளையம் முந்நூற்றுச் சொச்சம் மீட்டர், ஊட்டி 2,240. வந்த அன்றே தொட்டபெட்டா 2,637 மீட்டருக்கு ஏறினால் தலை சுற்றாமல் என்ன செய்யும்? வந்த நாள் ஓய்வு, மறுநாளிலிருந்து ஒரு நாளைக்கு ஓர் இடம். குன்னூர் சிம்ஸ் பூங்கா அழகுதான், ஆனால் சரிவில் இருக்கிறது. இறங்கும்போது பாட்டு வரும், ஏறும்போது மூச்சு வராது. பதறாத காரியம் சிதறாது.

போன தடவை நாங்கள் பதறினோம். சொல்கிறேன் கேளுங்கள். எங்களில் ஒருவன், பெயர் வேண்டாம், பள்ளியில் பட்டம் ‘டம்ளர்’. யார் சாப்பாட்டுப் பையிலும் தண்ணீரை எடுத்துக் குடித்துவிடுவான். கோவையிலிருந்து வேனில் பதினோரு பேர். ஒரு நாளைக்கு ஒன்பது இடம் என்று அட்டவணை போட்டு லேமினேட் செய்து ஆளுக்கொன்று கொடுத்தது, வெட்கத்தோடு சொல்கிறேன், நான்தான். காலையில் டம்ளர் பிரஷருக்கு நீர் மாத்திரை போட்டிருக்கிறான். குஞ்சப்பனை தாண்டியதும் அவன் முகம் மாறிவிட்டது. “அடுத்த வளைவுல நிறுத்துங்கப்பா” என்றான். அடுத்த வளைவில் எதிரே பஸ். அதற்கடுத்ததில் ஒரு கல்யாண கோஷ்டி படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. அதற்கடுத்ததில் குரங்குகள், அவை நகர்வதாக இல்லை. பள்ளியில் நூறு மீட்டர் ஓட்டத்தில் கடைசியாக வந்தவன், வேன் நிற்கும் முன்பே இறங்கி தேயிலைத் தோட்டத்து லைன் வீடு ஒன்றை நோக்கி ஓடினான் பாருங்கள்!

கதவைத் திறந்த அம்மாவுக்கு எண்பது வயது இருக்கும். ஒரு கேள்வி கேட்கவில்லை. “பின்னால இருக்கு ஐயா, வாளியில தண்ணி இருக்கு” என்றார். அவன் போய் வருவதற்குள் மீதிப் பத்துப் பேரும் வரிசையில் நின்றோம். எல்லோருக்கும் அவசரம், சொல்லத்தான் வெட்கம். பிறகு அந்த அம்மா சாயத்தண்ணி, அதாவது பால் விடாத டீ, போட்டுக் கொடுத்தார், கடித்துக்கொள்ள ஆளுக்கொரு வெல்லத்துண்டு. இலங்கைத் தோட்டத் தமிழர்களை இந்தியாவுக்கு அனுப்பிய சாஸ்திரி – சிறிமாவோ ஒப்பந்தத்தில் கண்டியிலிருந்து வந்த குடும்பமாம். திண்ணையில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்துவிட்டோம். கணக்கு வாத்தியாரின் குடை கதை அங்கேதான் வந்தது. டம்ளர் சிரித்த சிரிப்பில் பல்செட் கழன்று மடியில் விழுந்தது. ஒன்பது இடத்தில் ஆறு விட்டுப்போயின. எந்த ஆறு என்று இன்றைக்குக் கேட்டால் ஒருவருக்கும் தெரியாது.

நகர்மன்ற உறுப்பினர் அவர்களே, உங்களைப் பார்த்துத்தான் சொல்கிறேன். நம் மலை ரயில் 1899-ல் குன்னூருக்கும் 1908-ல் ஊட்டிக்கும் வந்தது. 46 கிலோமீட்டர் ஏற ஐந்து மணி நேரம் ஆகிறது. யுனெஸ்கோவே 2005-ல் பாரம்பரியச் சின்னம் என்றது. பெட்டியில் கழிப்பறை இல்லை. ஆனால் நீராவி இன்ஜின் வழியில் நின்று தண்ணீர் பிடிக்க வேண்டும். அது தண்ணீர் பிடிக்கிற இடத்தில் நாம் இறங்கித் தண்ணீரை விடலாம்! இரும்புக்குத் தாகம் எடுக்கும் என்று யோசித்தவர்கள் போட்ட பாதை அது. தார்ச்சாலை போட்ட நாம், மனுஷனைப் பற்றி யோசித்தோமா? பத்து வளைவுக்கு ஒரு கழிப்பறை, பக்கத்தில் முதுகு சாய ஒரு பெஞ்சு, இதைத்தான் ஆறு வருடமாகக் கேட்கிறேன். பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமல் மலையேறுகிறார்களே, அதை எந்தச் சுற்றுலாக் கையேட்டில் எழுதுகிறார்கள்? கேட்டால், நிதி வரட்டும், பதறாதீர்கள் என்கிறார்கள். பதறாத காரியம் சிதறாது, உண்மைதான். நீர் மாத்திரை போட்டவனிடம் போய் அதைச் சொல்லுங்கள்.

முழங்கால் முடியாதவர்கள் குன்னூரிலிருந்து ஊட்டிக்கு மட்டும் ரயிலில் போனால் போதும். வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் என்று ஒரு மணி நேரச் சொச்சத்தில் முடிந்துவிடும். மூன்றாவது விஷயம், செலவு. தலைவர் மணியைப் பார்க்கிறார். அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம்.

பின்னால் மேசையில் டீயும் வர்க்கியும் இருக்கிறது. அதற்கு முன்னால் கழிப்பறை மனு இருக்கிறது, கையெழுத்துப் போட்டுவிட்டு வர்க்கியை எடுங்கள். போன தடவை யாரோ பேனாவைக் கொண்டுபோய்விட்டார்கள். இந்தத் தடவை சணல் கயிற்றில் கட்டி வைத்திருக்கிறேன்.