எத்தனை பேரில் எத்தனை பேர்?

வணக்கம், நேயர்களே. மலேசியாவின் சுங்கை சிப்புட்டிலிருந்து பேசுகிறேன். தோட்ட மருந்தகத்தில் பல வருடம் வேலை செய்தவன் நான்.

தாமான் என்கிற எங்கள் குடியிருப்புப் பகுதிகளைப் பற்றிச் சந்தையில் ஓர் அக்கா சொன்னார்: "எங்கள் தாமானில் இந்த மாதம் ஆறு பேருக்கு டிங்கிக் காய்ச்சல். பக்கத்துத் தாமானில் எட்டு. அங்கேதான் மோசம்." சரி, அவர் தாமானில் 300 பேர், பக்கத்தில் 1,000 பேர் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரத்துக்கு எத்தனை என்று பார்த்தால் இங்கே 20, அங்கே 8. அக்கா வீட்டுப் பக்கம்தான் இரண்டரை மடங்கு ஆபத்து. கொசுவுக்குப் புகை அடிக்க முதலில் அங்கேதான் போக வேண்டும்.

இந்தக் கணக்கு நம் தோட்டங்களுக்குப் புதிதல்ல. 1901இல் கிள்ளானுக்கு வந்த டாக்டர் மால்கம் வாட்சன், மலேரியா நம் மக்களை வாரிக்கொண்டு போன காலத்தில் பிள்ளைகளின் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். இடது விலா எலும்புக்குக் கீழே விரலை வைத்து அழுத்தினால், அடிக்கடி மலேரியா வந்த பிள்ளைக்கு மண்ணீரல் வீங்கிக் கையில் தட்டுப்படும். நூறு பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அப்படி? தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில், லயத்துக்கு லயம் அந்த எண் மாறியது. காட்டுச் சதுப்பை ஒட்டிய லயங்களில் கூடியிருந்தது. சதுப்பை வடிகால் வெட்டி வற்றவைக்க அதுவே வழிகாட்டியது.

இப்போது இனிப்பு நீருக்கு, அதாவது நீரிழிவுக்கு வருவோம். 2019இல் நாடு தழுவிய சுகாதார ஆய்வில் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இந்த நோய் இருந்தது. இந்திய வம்சாவளியினரில் 31.4. மூன்றில் ஒருவர் என்றே சொல்லலாம். எனக்கு மனம் கனக்கிறது.

ஆனால் இது, தோட்ட ஆட்கள் காலையில் கூடும் பெரட்டுக் களத்தில் இன்று நிற்கிறவர்களை எண்ணுவது போல, நோயோடு இருக்கிற எல்லாருடைய எண்ணிக்கை. இந்த வருடம் செக்ரோல் என்கிற ஆள் பதிவேட்டில் எத்தனை புதுப் பெயர் ஏறியது, அதாவது புதிதாக எத்தனை பேருக்கு நோய் வந்தது என்பது வேறு கணக்கு. நல்ல மருந்து கிடைத்து நோயாளிகள் நீண்ட நாள் வாழ்ந்தால், புதுப் பெயர் கூடாவிட்டாலும் களம் நிறையும். அதனால் எண் ஏறியதும் பதற வேண்டாம். புதிதாக வந்தவர் எத்தனை என்று கேளுங்கள். தடுப்பு வேலை பலன் தருகிறதா என்று காட்டுவது அந்த எண்தான்.

அப்புறம் இன்னொன்று. நூறு பெரியவர்களுக்கு அந்த 18.3 பேரில் 8.9 பேருக்குத் தங்களுக்கு நோய் இருப்பதே தெரியாமல் இருந்தது. கிளினிக் அட்டைகளை மட்டும் எண்ணினால் கிட்டத்தட்டப் பாதிப் பேர் விடுபட்டுப் போவார்கள். கோயில் மண்டபத்தில் விரல் குத்திப் பார்க்கும்போது முன்வரிசையில் இருப்பவர்கள் பழைய நோயாளிகள். "எனக்கு ஒன்றுமில்லை ஐயா" என்று வாசலோடு திரும்புகிற அண்ணனைத்தான் நான் உள்ளே அழைக்கிறேன்.